கிரீடத்தைக் கிள்ளிக் குழம்பில் போடு!

மெக்ஸிகோ சமையல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மிளகாய். அப்புறம்? சோளம், பீன்ஸ், எலுமிச்சம்பழம், வெண்ணெய்ப் பழம்... சரி, போதும். லிஸ்ட் எவ்வளவு நீண்டாலும் அதில் பிரிஞ்சி இலைக்கு இடம் கிடைக்காது. ஆனால் அந்த ஊர் அடுப்பங்கரையில் நுழைந்து ஏதாவது ஒரு பாத்திரத்தின் மூடியைத் திறந்து பாருங்கள். நீச்சல் குளத்தில் மல்லாந்து மிதக்கும் பெரிய மனுஷர் மாதிரி ஒரு பச்சை இலை மிதந்துகொண்டிருக்கும்!

நம்ம பிரிஞ்சி இலையும் அதுவும் ஒன்றா என்றால், இல்லை. ஒன்றுவிட்ட சகோதரர்கள். அந்தக் குடும்பச் சண்டைக்குப் பிறகு வருகிறேன்.

கார் உதிரி பாக உத்தியோகம் என்னை 2018-ல் மெக்ஸிகோவில் உள்ள புவெப்லா நகரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டது. மாடி போர்ஷன். கீழே வீட்டுக்காரம்மா, எழுபதைத் தொட்டவர். அவருக்கு ஒரு பேத்தி, கல்லூரியில் உயிரியல் படிக்கிறாள். முதல் நாளே என் சைவ விரதத்தை விளக்கினேன்.

"மாமிசம் சாப்பிட மாட்டேன்."

"அடப் பாவமே! சரி, கோழி?"

"கோழியும் கிடையாது."

"மீன்?"

"ஊஹூம்."

அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டாக்டர் சொன்னாரா தம்பி?" என்றார். அங்கே நாற்பத்தாறு வயசுக்காரனையும் 'ஹோவன்' என்றுதான் கூப்பிடுவார்கள். தம்பி என்று அர்த்தம். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியேறலாம்!

வியாதி எதுவும் இல்லை என்று உறுதியானதும், அந்தம்மா எனக்குச் சாப்பாடு போடுவதை ஒரு சவாலாக எடுத்துக்கொண்டார். அந்தச் சவாலில் ஜெயித்தது முக்கால்வாசி இந்த இலையால்தான்.

அங்கே அதற்கு 'லவுரெல்' என்று பெயர். மார்க்கெட்டில் தனியாகவும் கிடைக்கும். ஜோடி சேர்த்தும் கிடைக்கும். நம்ம ஊரில் காய்கறி வாங்கினால் கறிவேப்பிலை, கொத்தமல்லியைக் கொசுறாகப் போடுவார்களே, அது மாதிரி அங்கே ஒரு சின்னக் கட்டு. லவுரெல் இலை, 'தொமீயோ' என்ற பொடி இலைச் செடி, 'மெஹொரானா' என்ற மருக்கொழுந்து ஜாதிச் செடி மூன்றையும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். 'யெர்பாஸ் தே ஒலோர்', அதாவது 'வாசனை இலைகள்' என்று பெயர். நமக்குப் பட்டை, கிராம்பு, ஏலக்காய் என்று ஒரே மூச்சில் வாயில் வருகிற மாதிரி அவர்களுக்கு இந்த மூன்றும்.

அந்த இலை அப்படி என்னதான் செய்கிறது? நியாயமான கேள்வி. 2016-ல் அமெரிக்காவில் ஒரு பெண் எழுத்தாளர், 'இந்த இலைக்கு ருசியும் கிடையாது, மணமும் கிடையாது, எல்லாமே பெரிய மோசடி' என்று ஒரு கட்டுரை எழுதி, சமையல்காரர்கள் எல்லாம் கரண்டியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டார்கள். நான் வீட்டுக்காரம்மாவிடம் இந்தச் சேதியைச் சொன்னேன். அவர் பேசவே இல்லை. சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, இரண்டு இலையைப் போட்டு, கால் மணி நேரம் கொதிக்க விட்டு, ஒரு டம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்தார். குடித்தேன். ஜலதோஷம் பிடித்த நாளில் ஆவி பிடிப்போமே, அந்த வாசனை லேசாக மூக்கில் ஏறியது. அடியில் ஒரு பூ வாசனை. தொண்டையில் மெல்லிய கசப்பு.

ஆவி பிடிக்கிற வாசனை சும்மா வரவில்லை. யூகலிப்டஸ் தைலத்தில் இருக்கிற அதே 'சினியோல்' என்ற பொருள்தான் இந்த இலை எண்ணெயிலும் முக்கியம். கூடவே பூ மணத்துக்குக் காரணமான 'லினலூல்'. இலை தடிமன், மேலே மெழுகு பூசின மாதிரி இருக்கும். அதனால் மணம் அவசரப்பட்டு வெளியே வராது. அரை மணி, ஒரு மணி என்று கொதித்தால்தான் மெதுவாக இறங்கும். இறக்குகிற நேரத்தில் கறிவேப்பிலை கிள்ளிப் போடுகிற மாதிரி இதைப் போட்டால், அமெரிக்க அம்மணி சொன்னதுதான் சரி!

பச்சை இலையில் கசப்பு தூக்கல். அதனால் நிழலில் காயவைத்துப் போடுவார்கள். அளவும் கொஞ்சம்தான். மெக்ஸிகோக்காரர்களுக்கு எதையும் செல்லமாகக் குட்டியாக்கிச் சொல்வதில் ஒரு பிரியம். இலைக்கு 'ஓஹா' என்றால், சமைக்கும்போது அது 'ஓஹீத்தா' ஆகிவிடும். 'ஒரே ஒரு குட்டி இலை' என்று சொல்லிக்கொண்டே மூன்று இலையைப் போடுவார் அந்தம்மா. நம்ம வீட்டில் 'கொஞ்சூண்டு நெய்' என்று ஒரு கரண்டி ஊற்றுகிற மாதிரி.

இந்த இலை அங்கே போகிற இடங்களைச் சொல்லி முடியாது. ஹலிஸ்கோ மாநிலத்தில் ஆட்டுக்கறியை மிளகாய் விழுதில் ஊறவைத்து மணிக்கணக்கில் வேகவிடும் 'பீர்ரியா' (பெயரைப் பார்த்தால் நம்ம பிரியாணிக்குத் தம்பி மாதிரி இருக்கிறது, சம்பந்தம் கிடையாது). மிச்சோவாகானில் பெரிய செம்புக் கொப்பரையில் பன்றிக் கொழுப்பிலேயே பன்றிக்கறியை வேகவைக்கும் 'கார்னீத்தாஸ்'. வெராக்ரூஸ் துறைமுகத்தில் தக்காளி, ஆலிவ் காயோடு சேர்த்துச் செய்கிற மீன். இதையெல்லாம் நான் மூக்கால் மட்டும்தான் சாப்பிட்டேன். ஆகவே அதிகம் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

நான் பேசக்கூடிய விஷயம் 'எஸ்காபெச்சே'. ஆஹா! ஊறுகாய்ப் பிரியர்கள் நிமிர்ந்து உட்காரவும். ஹலபேன்யோ மிளகாயைக் காம்போடு அப்படியே வைத்துக்கொண்டு லேசாகக் கீறி, எண்ணெயில் பூண்டு, வெங்காயம், காரட் வில்லைகளோடு வதக்குவார்கள். அப்புறம் வினிகரும் தண்ணீரும் உப்பும் ஊற்றி, மிளகு, மேலே சொன்ன மூன்று வாசனை இலைகள் எல்லாம் போட்டுக் கொதிக்க விடவேண்டும். பளிச்சென்ற பச்சை மாறி, மிளகாய் மங்கலான ஆலிவ் நிறத்துக்கு வந்ததும் இறக்கி, ஆறவைத்து, பாட்டிலில் போட்டுவிட வேண்டியதுதான். மறுநாள்தான் தொடவேண்டும். வினிகர் மூக்கைத் துளைக்காமல் அடக்கி உட்காரவைப்பது லவுரெல் இலைதான். அது இல்லாமல் ஒரு தடவை செய்து ருசி பார்த்தோம். காரம் இருந்தது, புளிப்பு இருந்தது, இரண்டும் பேசிக்கொள்ளவில்லை. நான் தயிர் சாதத்துக்கு இதைத் தொட்டுக்கொண்டதைப் பார்த்து அந்தம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

'எஸ்காபெச்சே' என்ற வார்த்தை பாரசீகத்தில் கிளம்பி, அரபு நாட்டு வழியாக ஸ்பெயினுக்கு வந்து, அங்கிருந்து கப்பல் ஏறியது. வினிகரும் அதே ஸ்பெயின் கப்பலில்தான் வந்தது. மிளகாய் மட்டும் மண்ணின் மைந்தன். சரி, இலை? இங்கேதான் கதையில் திருப்பம்.

கடையில் பாக்கெட்டில் வருகிற லவுரெல் மத்தியதரைக் கடல் ஊர்களைச் சேர்ந்தது. 'லாரஸ் நோபிலிஸ்' என்று தாவரவியல் பெயர். கிரேக்கர்களும் ரோமானியர்களும் ஜெயித்தவன் தலையில் கிரீடமாகச் சூட்டியது இதைத்தான். நோபல் பரிசு வாங்கியவரை ஆங்கிலத்தில் 'லாரியேட்' என்கிறார்களே, அந்த வார்த்தைக்கு வேர் இந்த மரம்தான். மாவீரன் தலையில் இருந்ததைப் பருப்பில் போட்டுவிட்டார்கள் பெண்கள்!

ஆனால் ஸ்பெயின்காரன் வருவதற்கு முன்பே மெக்ஸிகோவின் மலைக்காடுகளில் இதே வாசனையோடு ஒரு மரம் நின்றுகொண்டிருந்தது. 'லிட்சியா கிளாசெசென்ஸ்' என்று அதற்குப் பெயர். இலை சின்னது, ஒல்லி, அடிப்பக்கம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். வந்த வெள்ளைக்காரன் முகர்ந்து பார்த்து, 'அட, நம்ம லவுரெல்!' என்று அதற்கும் அதே பெயரை வைத்துவிட்டான். இரண்டும் ஒரே குடும்பம்தான். நம்ம பிரிஞ்சி இலை, லவங்கப் பட்டை, வெண்ணெய்ப் பழம் எல்லாமே அந்தக் குடும்பத்து வாரிசுகள். ஊதுபத்தியில் ஒட்டுவதற்குப் பட்டைப் பொடி தரும் நம் நாட்டு மரம் ஒன்றும் இந்த லிட்சியா இனத்தைச் சேர்ந்ததே.

பெயர் வைக்கிற இந்த அவசரம் பெரிய வம்பில் கொண்டுபோய் விடும். புவெப்லாவில் எங்கள் தெருமுனையில் ரோஸ் நிறப் பூவோடு ஒரு செடி. பெயர் கேட்டேன். 'லவுரெல்' என்றார் ஒருவர். கிட்டே போய்ப் பார்த்தால்... நம்ம அரளி! ஆமாம் சார், சாட்சாத் அரளிதான். அங்கே அதை 'ரோசா லவுரெல்' என்பார்கள். சுருக்கி 'லவுரெல்' என்றும் சொல்வார்கள். இலையின் வடிவமும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கிறது. பெயரை நம்பி அதைக் கிள்ளிக் குழம்பில் போட்டால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டுக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

போதாததற்கு 'லவுரெல் தே லா இந்தியா' என்று இன்னொன்று. ஊர் நடுவே சதுக்கங்களில் குடை மாதிரி நிழல் தரும் பெரிய மரம். வஹாக்கா நகரச் சதுக்கத்தில் பார்க்கலாம். 'உங்க ஊர் மரம்' என்று பெருமையாகக் காட்டினார்கள். அது கல் இச்சி! ஆலமரத்துக்குச் சொந்தம், சமையலுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. வெளிநாட்டில் சொந்தக்காரரைப் பார்த்த சந்தோஷத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தேன்.

2019 மார்ச் 6-ம் தேதி சாம்பல் புதன். கிறிஸ்தவர்களின் தவக்காலம் ஆரம்பம். வெள்ளிக்கிழமைகளில் மாமிசம் கிடையாது என்பதால் வீட்டுக்கு வீடு சைவ, மீன் சமையல். என்னைப் பொறுத்தவரை தீபாவளி! அந்தக் காலத்தின் நட்சத்திர அயிட்டம் மைசூர்ப் பருப்பின் அக்கா மாதிரி ஒரு முழுப் பருப்பில் செய்கிற சூப். தக்காளி, வெங்காயம், பூண்டை அரைத்து எண்ணெயில் சுண்டவிட்டு, பருப்பில் கொட்டி, நேந்திரம் பழத்தைத் துண்டு போட்டு, இரண்டு லவுரெல். பருப்பில் பழமா என்று முகம் சுளிக்காதீர்கள். நான் மூன்று கிண்ணம் குடித்தேன்.

அந்தப் பருப்பை முன்னிட்டுத்தான் கீழ் வீட்டில் மகாயுத்தம் மூண்டது.

வீட்டுக்காரம்மா தவக்காலப் பருப்புக்கு மட்டும் பாக்கெட் இலை போட மாட்டார். மலை இலைதான். போன வருஷ குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்து வந்த கொத்திலிருந்து கிள்ளிப் போடுவார். அன்றைக்கு அங்கே வெறும் குருத்தோலை மட்டும் கிடையாது. கூடவே ரோஸ்மேரி, சீமைச் சாமந்தி, மலை லவுரெல் கிளை எல்லாம் சேர்த்துக் கட்டிய கொத்தாக விற்பார்கள்.

பேத்தி குறுக்கே வந்து நின்றாள். "பாட்டி, அது அழிஞ்சுக்கிட்டு வர்ற மரம். வாங்காதீங்க."

அவள் சொன்னது உண்மை. 2010-ல் மெக்ஸிகோ அரசு வெளியிட்ட அதிகாரபூர்வப் பட்டியலில், அழியும் ஆபத்தில் உள்ள இனமாக இந்த மரம் சேர்க்கப்பட்டிருக்கிறது. சமையலுக்கு, வயிற்று வலிக் கஷாயத்துக்கு, பிள்ளை பெற்றவள் குளிக்கிற வெந்நீருக்கு, குருத்தோலை ஞாயிறுக்கு என்று எல்லாவற்றுக்கும் காட்டிலிருந்து ஒடித்து வருவதுதான். இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கிளையோடு வெட்டினால் பூ போகும், காய் போகும். காய் இல்லாமல் கன்று எங்கிருந்து வரும்? நாற்று வளர்க்கும் முயற்சிகள் இருக்கின்றன. ஆனால் வெட்டுகிற கைகளின் வேகம் எங்கே, மரம் வளர்கிற வேகம் எங்கே?

பாட்டி விடவில்லை. "கடை இலையும் மலை இலையும் ஒண்ணா? எனக்குத் தெரியாதா?"

"தெரியாது. சும்மா மனசுல நினைச்சுக்கறீங்க."

சவால்! பேத்தி இரண்டு பாத்திரத்தில் ஒரே மாதிரி பருப்பு வைத்தாள். ஒன்றில் மலை இலை, இன்னொன்றில் பாக்கெட் இலை. வெந்ததும் இலைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டாள். நடுவர், அடியேன். பாட்டியைக் கூப்பிட்டோம். அவர் கரண்டியைக்கூடத் தொடவில்லை. மூடியை லேசாக நகர்த்தி மோந்தார். "இது மலை." அடுத்தது. "இது கடை." அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. இடம் மாற்றி வைத்து மறுபடி கேட்டோம். மறுபடியும் கரெக்ட்!

பேத்திக்கு முகம் சுண்டிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள்: "சரி பாட்டி, கண்டுபிடிச்சுட்டீங்க. என் பேத்தி எதை மோந்து பார்த்துக் கண்டுபிடிப்பா?"

பாட்டி எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

அந்த வருஷம் குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 14. நானும் கூடப் போனேன். கோயில் வாசல் படிகளில் வரிசையாகப் பெண்கள், மலைக் கிராமங்களிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்தவர்கள். ஒருத்தியிடம்தான் அந்தம்மா இருபது வருஷமாக வாங்குகிறாராம். அந்தப் பெண் தயாராக ஒரு கொத்தை எடுத்து நீட்டினாள். அந்தம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "லவுரெலை எடுத்துட்டுக் குடும்மா" என்றார்.

"எடுத்தாலும் அதே விலைதாங்க."

"அதே விலை குடுக்கறேன்."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. பேத்தி விளக்கினாள். கேட்டுவிட்டு அவள் கோபப்படாமல் சொன்னாள்: "எனக்கும் தெரியும் பாப்பா. முன்னெல்லாம் வீட்டுக்குப் பின்னாடியே இருந்தது. இப்ப எங்க வீட்டுக்காரர் மூணு மணி நேரம் ஏறிப் போறார். நாங்க போகலேன்னா பக்கத்து ஊர்க்காரன் போவான். இந்த ஒரு வாரக் காசுலதான் பையனுக்கு ஸ்கூல் செருப்பு."

பேத்தி வாயடைத்துப் போனாள். அவள் பாடப் புத்தகத்தில் செருப்புக் கணக்கு இல்லை. பாட்டி ரோஸ்மேரி வைத்து இன்னும் இரண்டு கொத்து கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டார். திரும்பி வரும்போது யாரும் பேசவில்லை. அந்தம்மா வேறு யாருக்கும் உபதேசம் செய்யவும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

அடுத்த வாரம் பேத்தி அத்லிஸ்கோவுக்குப் போனாள். புவெப்லாவுக்குப் பக்கத்தில் நர்சரித் தோட்டங்களுக்குப் பேர் போன ஊர். ஒரு மத்தியதரை லவுரெல் தொட்டிச் செடியை வாங்கி வந்து மொட்டை மாடியில், துணிக்கொடிக்குப் பக்கத்தில் வைத்தாள். "ஸ்பெயின்காரன் செடி" என்று பாட்டி முணுமுணுத்தார். ஆனால் தினமும் காலையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் எனக்குக் கேட்கும்.

சரி, இங்கே யாராவது எஸ்காபெச்சே போட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை. நம்ம மளிகைக் கடையில் பிரிஞ்சி இலை என்று கொடுப்பது வேறு ஜாதி. நாட்டு மருந்துக் கடையில் லவங்கப்பத்திரி என்பார்கள். நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும். கிராம்பு, பட்டை வாசனை அடிக்கும். அதைப் போட்டால் ஊறுகாய் குருமாவாகிவிடும்! லவுரெல் இலையில் நடு நரம்பு ஒன்றுதான், பக்கவாட்டில் கிளை பிரியும். பெரிய கடைகளில் 'பே லீஃப்' என்று விற்கும்போது திருப்பிப் பார்த்து நரம்பை எண்ணி வாங்குங்கள்.

கொடைக்கானல் பக்கம் வெண்ணெய்ப் பழத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. புவெப்லா, வஹாக்கா பக்கம் கறுப்பு பீன்ஸில் வெண்ணெய்ப் பழ இலையையும் வாட்டிப் போடுவார்கள். சோம்பு வாசனை அடிக்கும். ஆனால் எல்லா ரகமும் அப்படிக் கிடையாது. மெக்ஸிகோ நாட்டு ரகம் மட்டும்தான். மற்ற ரகங்களின் இலையைத் தின்ற ஆடு மாடுகளுக்கு மடி வீங்கி, இதயம் பாதித்த சம்பவங்கள் உண்டு. கசக்கி மோந்தால் சோம்பு மணம் வராத இலையைக் கிட்டேயே சேர்க்காதீர்கள்.

இலையை எத்தனை போட்டீர்களோ, பரிமாறும் முன் அத்தனையையும் எண்ணி எடுத்துவிட வேண்டும். விஷம் என்பதற்காக இல்லை. எவ்வளவு வெந்தாலும் விறைப்பு போகாது, தொண்டையில் மாட்டும். அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. யார் கிண்ணத்தில் இலை வருகிறதோ, அவர்தான் அன்றைக்குப் பாத்திரம் தேய்க்க வேண்டும். தொடர்ந்து நான்கு ஞாயிற்றுக்கிழமை என் கிண்ணத்தில்தான் வந்தது. பரிமாறியது பாட்டி.